தவணைக் காரும் காப்பீட்டு இடைவெளியும்

கிராமங்களில் தவணைக் கடன் பெற்று மோட்டார் கார் வாங்குவோர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருவதை யாவரும் அறிவோம். விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டு செல்லவும், நோயாளியை நள்ளிரவில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் கார் உதவுகின்றது. ஆயினும், கடனுக்கும் காப்பீட்டுக்கும் உள்ள தொடர்பை அறிந்து வாங்குவோர் சிலரே. அத்தொடர்பை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நமது வட்டாரத்தில் தேங்காய் வியாபாரம் செய்யும் அன்பர் ஒருவர், 7,00,000 ரூபாய் விலையுள்ள காரை, விலை முழுவதற்கும் கடன் பெற்று வாங்கினார். வரி, பதிவு முதலிய செலவுகளை மட்டும் கையிலிருந்து கொடுத்தார். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்து. தவணைக் காலம் 7 ஆண்டுகள். மாதத் தவணை ஏறத்தாழ 11,620 ரூபாய். 26 தவணைகளைத் தவறாது செலுத்திய நிலையில், மழைக்கால வெள்ளத்தில் கார் அடித்துச் செல்லப்பட்டு முற்றிலும் பாழாயிற்று. முழுக் காப்பீடு இருந்தமையால் அவர் கவலையின்றி இருந்தார். ஆனால் காப்பீட்டுத் தொகை முழுவதும் கடன் கணக்கில் சேர்ந்த பின்னரும் 43,000 ரூபாய் பாக்கி நின்றது. கணக்கில் பிழை நேர்ந்ததோ என்று கேட்டு நம்மிடம் வந்தார். பார்த்ததில் பிழை ஏதுமில்லை.

இடைவெளி எவ்வாறு தோன்றுகின்றது?

கார் முற்றிலும் அழிந்தாலோ களவு போனாலோ, காப்பீட்டு நிறுவனம் வாங்கிய விலையைத் தருவதில்லை. பாலிசியில் ஐ.டி.வி. என்று குறிக்கப்பட்டுள்ள மதிப்பையே தருகின்றது. பழுது பார்க்கும் செலவு இம்மதிப்பில் நூற்றுக்கு 75க்கு மேற்பட்டாலும் அது முழு இழப்பாகவே கருதப்படும்.

ஐ.டி.வி. ஆண்டுதோறும் இறங்குவது. வழக்கமான அட்டவணைப்படி, எக்ஸ்-ஷோரூம் விலையிலிருந்து முதல் 6 மாதத்துக்குள் நூற்றுக்கு 5, ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, மூன்றாண்டு வரை 30, நான்காண்டு வரை 40, ஐந்தாண்டு வரை 50 எனக் கழிக்கப்படும். சாலை வரியும் பதிவுக் கட்டணமும் இம்மதிப்பில் சேரா.

கடனோ மெல்லவே இறங்குகின்றது. அந்த அன்பர் செலுத்திய 3,02,000 ரூபாயில் ஏறத்தாழ 1,35,000 ரூபாய் வட்டிக்கே சென்றது. அசலில் 5,33,000 ரூபாய் நின்றது. காரின் ஐ.டி.வி. மூன்றாம் ஆண்டுக்கு 4,90,000 ரூபாய். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடே அந்த 43,000. ஆர்.சி. புத்தகத்தில் கடன் கொடுத்தவரின் உரிமை பதிவாகியிருப்பதால், காப்பீட்டுத் தொகை முதலில் அவருக்கே சேரும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இடைவெளியை நிரப்பும் காப்பீடு

அமெரிக்காவில் ‘கேப்’ என்னும் காப்பீடு, காரின் அன்றைய மதிப்புக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள வேறுபாட்டை ஈடு செய்கின்றது. நம் நாட்டில் இதற்கு நெருங்கியது ‘ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்’ என்னும் கூடுதல் காப்பு. இது கடன் பாக்கியைக் கணக்கிற் கொள்வதில்லை, ஐ.டி.வி.க்கும் வாங்கிய பட்டியல் விலைக்கும் உள்ள வேறுபாட்டைத் தருகின்றது. அந்த அன்பர் இதனை எடுத்திருந்தால், கடன் முழுவதும் தீர்ந்து, ஏறத்தாழ 1,67,000 ரூபாய் கைக்கு வந்திருக்கும்.

இக்காப்பு முழு இழப்புக்கும் களவுக்கும் மட்டுமே உரியது. சிறு பழுதுகளுக்கு உதவாது. சில ஆண்டுகளே ஆன வண்டிகளுக்குத்தான் கிடைக்கும். வரியும் பதிவுக் கட்டணமும் இதில் அடங்குமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும். எழுத்தில் கேட்டறிதல் நலம். ‘ஜீரோ டெப்’ என்பது வேறு: அது பழுது பார்க்கையில் மாற்றும் உதிரிப் பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காதிருப்பதற்கானது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. சிக்கனம் கருதி அதனோடு நின்றுவிட்டால், சொந்தக் கார் அழிந்தபோது ஒரு காசும் கிட்டாது. கடன் முழுவதும் தலைமேல் நிற்கும். பிரீமியம் குறையும் என்று ஐ.டி.வி.யைக் குறைத்து எழுதச் சொல்வதும் அத்தகைய தவறே.

செலவில்லாத காப்பு

இடைவெளியே தோன்றாமற் செய்யும் வழியும் உண்டு. அதே காருக்கு 1,40,000 ரூபாய் முன்பணம் செலுத்தி, எஞ்சிய 5,60,000 ரூபாயை 5 ஆண்டுத் தவணையில் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 11,900 ரூபாய். முன்னதைவிட 280 ரூபாயே கூடுதல். 26 தவணைகளுக்குப் பின் பாக்கி 3,51,000 ரூபாய், ஐ.டி.வி. 4,90,000. கடன் தீர்ந்து 1,39,000 ரூபாய் மிஞ்சும். எனவே, முன்பணம் சேரும் வரை ஓரிரு அறுவடைக் காலம் பொறுத்திருப்பது பெரிதும் விரும்பத்தக்கது. பொறுக்க இயலாதவர்கள் கூடுதல் காப்பை முதல் நாளிலேயே எடுத்து, பாலிசி இடையறாமல் புதுப்பித்து வருதல் வேண்டும்.

இழப்பு நேர்ந்தால் நிறுவனத்துக்கு உடனே தெரிவிப்பதும், களவாயின் போலீஸ் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்வதும் இன்றியமையாதவை. தொகை வந்து சேரும் வரை மாதத் தவணையை நிறுத்தலாகாது. நிறுவனத்திடம் எழுத்து மூலம் முறையிட்டு ஒரு மாதத்துக்குள் நியாயம் கிடைக்காவிடில், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம், இதற்குக் கட்டணமில்லை.

அந்த அன்பர் இன்று கார் இல்லாமலே எஞ்சிய பாக்கியைத் தவணையில் அடைத்து வருகின்றார். கையெழுத்திடும் முன் கடன் பாக்கியையும் ஐ.டி.வி.யையும் ஆண்டுவாரியாக ஒரு தாளில் அருகருகே எழுதிப் பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஒரு நாழிகை நேரத்து வேலைதான்; அது ஒரு குடும்பத்தைப் பல மாதக் கடன் சுமையினின்றும் காக்கும்.