நூற்றுவீத வளர்ச்சியும் விரிதாளும்

ஒன்று வளர்ந்தது என்று சொல்லுதல் எளிது. எவ்வளவு வளர்ந்தது, எதனோடு ஒப்பிட வளர்ந்தது, எத்தனை ஆண்டில் வளர்ந்தது என்னும் மூன்றையும் சேர்த்துச் சொன்னாலன்றி அக்கூற்று நிறைவு பெறாது. மூன்றில் ஒன்று விடுபடினும், சரியான எண்களைக் கொண்டே பிழையான முடிபுக்கு வந்துவிடுவோம். இதனை இலங்கையின் குடிசன மதிப்பு எண்களைக் கொண்டு, கணினி விரிதாளின் துணையுடன், தொடக்க மாணவர்க்கு விளக்க முற்படுகின்றோம்.

விரிதாள் என்பது நிரைகளும் நிரல்களும் கொண்ட கட்டத்தாள். 1979 இல் டான் பிரிக்ளின், பொப் பிராங்ஸ்டன் என்னும் அமெரிக்கர் இருவர் ஆக்கிய விசிகல்க் இவ்வகையில் முன்னோடியாயிற்று. இன்று எக்செல் பெருவழக்கிலுள்ளது. நிரல்கள் ஏ, பி, சி என ஆங்கில எழுத்துக்களாலும், நிரைகள் 1, 2, 3 என எண்களாலும் பெயர் பெறும். இரண்டும் சந்திக்கும் கட்டம் கலம் எனப்படும். பி நிரலில் இரண்டாம் நிரையிலுள்ள கலம் பி2 ஆகும். சூத்திரம் எதுவும் சமக்குறியுடன் தொடங்குதல் வேண்டும். இங்கு நாம் தமிழில் எழுதும் கலப் பெயர்களைக் கணினியில் ஆங்கில எழுத்துக்களாகவே இடுக.

எண்களை இடுதல்

முதல் நிரையில் தலைப்புக்களை எழுதி, ஏ நிரலில் ஆண்டையும் பி நிரலில் குடித்தொகையையும் பின்வருமாறு இடுக:

ஏ2: 1946 — பி2: 6,657,339
ஏ3: 1953 — பி3: 8,097,895
ஏ4: 1963 — பி4: 10,582,064
ஏ5: 1971 — பி5: 12,689,897

வளர்ச்சியைக் காணுதல்

புதிய தொகையிலிருந்து பழைய தொகையைக் கழித்து, வந்ததைப் பழைய தொகையால் வகுத்தல் வேண்டும். ஆகவே சி3 இல் இவ்வாறு எழுதுக:

=(பி3-பி2)/பி2

விடை 0.2164 என வரும். நூற்றுவீதக் குறியுள்ள பொத்தானை அழுத்தி, இரண்டு தசம தானங்களுக்கு அமைத்தால் 21.64% எனத் தோன்றும். பொத்தானே நூறாற் பெருக்கிக் காட்டுவதால், சூத்திரத்திலும் நூறாற் பெருக்கின் 2163.86% என்னும் பொருந்தா விடை வரும்.

அடைப்புக்குறியை விட்டுவிடலாமோ எனின், ஆகாது. கணினி வகுத்தலை முதலிலும் கழித்தலைப் பின்னரும் செய்யும். பி2 ஐப் பி2 ஆல் வகுக்க 1 வரும். அதனைக் கழிக்க 8,097,894 எஞ்சும்.

வகுக்கும் எண் எப்பொழுதும் பழைய தொகையே என்பதையும் மனத்திற் கொள்க. 40 பேர் 50 பேரானால் வளர்ச்சி 25%; அந்த 50 பேர் மீண்டும் 40 பேரானால் குறைவு 20% மட்டுமே.

சி3 இன் வலப்பக்கக் கீழ்மூலையைப் பற்றிச் சி5 வரை இழுத்துவிடுக. சூத்திரம் தானே கலப் பெயர்களை மாற்றிக்கொண்டு 30.68%, 19.92% என்னும் விடைகளைத் தரும்.

ஆண்டுகளை ஒப்பிடுதல்

மூன்று விடைகளுள் 30.68% மிகப் பெரியது. ஆகவே 1953 முதல் 1963 வரையுள்ள காலத்திலேயே குடித்தொகை மிக விரைந்து வளர்ந்தது எனலாமா? ஆகாது. முதற்காலம் 7 ஆண்டு, அடுத்தது 10 ஆண்டு, இறுதியானது 8 ஆண்டு. (மாதங்களை விடுத்து ஆண்டுகளை மட்டுமே இங்குக் கொள்கின்றோம்.)

21.64 ஐ 7 ஆல் வகுத்து ஆண்டுக்கு 3.09% என்பதும் பொருந்தாது. கூட்டுவட்டியிற் போல, ஒவ்வோர் ஆண்டின் வளர்ச்சியும் முன்னாண்டில் வளர்ந்த தொகையின் மேலேயே ஏறும். ஆண்டுக்கு 3.09% வீதம் 7 ஆண்டு வளர்ந்தால் மொத்தம் ஏறக்குறைய 23.7% ஆகிவிடும். எனவே டி3 இல் இவ்வாறு எழுதிக் கீழே இழுத்துவிடுக:

=(பி3/பி2)^(1/(ஏ3-ஏ2))-1

எத்தனை மடங்காயிற்று என்று கண்டு, ஆண்டுகளின் எண்ணிக்கைக்கேற்ப மூலங்கண்டு, முதலாகிய 1 ஐக் கழிப்பதே இதன் பொருள். 6 ஆம் எண் விசையின் மேலுள்ள கூரைக்குறி அடுக்கைக் குறிக்கும். விடைகள் முறையே 2.84%, 2.71%, 2.30% ஆகும்.

இப்பொழுது வரிசை மாறிவிட்டது. மிக விரைந்த வளர்ச்சி 1946 முதல் 1953 வரையுள்ள காலத்ததே. மலேரியாவை ஒழிக்க டீ.டீ.ரீ. மருந்து பரவலாகத் தெளிக்கப்பட்டதும், மருத்துவ வசதிகள் பெருகியதும் அக்காலத்திலேயே. 1946 இல் ஆயிரவருக்கு ஏறக்குறைய 20 என்றிருந்த இறப்பு வீதம் 1947 இல் ஏறக்குறைய 14 ஆயிற்று. சி நிரலோடு நின்றிருப்பின், இத்தனை உயிர்கள் காக்கப்பட்ட காலத்தின் சிறப்பு நம் கண்ணிற் படாமலே போயிருக்கும். அதன்பின் வளர்ச்சி படிப்படியாகத் தணிந்ததும் தெரிந்திராது.

பயிற்சி

1871 இல் இலங்கையின் குடித்தொகை 2,400,380. அதனை 1971 ஆம் ஆண்டுத் தொகையோடு ஒப்பிட்டு மொத்த வளர்ச்சியையும் ஆண்டு வளர்ச்சியையும் காண்க. (விடை: 428.66%, 1.68%.)

சங்கத்தின் நிதிக்கணக்காயினும், கூட்டுறவுப் பண்டகசாலையின் விற்பனையாயினும், பரீட்சையிற் சித்தியெய்தினோர் தொகையாயினும் முறை இதுவே. பழைய மாணவர் தம் அலுவலகங்களில் இதனை நாள்தோறும் கையாளக்கூடும். கூட்டல் கழித்தலைக் கணினி பிழையின்றிச் செய்யும். எத்தொகையால் வகுப்பது, எத்தனை ஆண்டைக் கொள்வது என்பனவற்றை நாமே தீர்மானித்தல் வேண்டும். ஆதலால், வளர்ச்சி வீதம் ஒன்றைக் காணுந்தோறும் அதன் அடித்தொகையையும் ஆண்டுகளையும் கேட்டறியும் பழக்கத்தை மாணவர் இளமையிலேயே கைக்கொள்வாராக.