தோட்டத்து நாய்க்கு எதைக் கடிக்கக் கொடுக்கலாம்?

நடவு முடிஞ்சு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. காலையில் போய்ப் பார்த்தால் சொட்டுநீர்க் குழாய் நாலு இடத்தில் கடிபட்டுத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். பக்கத்தில் குட்டி நாய் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். நாய் வளர்க்கிற பெரும்பாலான தோட்டங்களில் இது நடக்கிற கதைதான். அடித்தால் இது நிற்காது. கடிப்பது நாய்க்குக் குறும்பு இல்லை, உடம்பின் தேவை. நாம் நல்ல பொருளைக் கொடுக்காவிட்டால், கிடைத்ததை அது கடிக்கும்.

ராஜபாளையமோ, கோம்பையோ, நாட்டு நாயோ, எதுவானாலும் குட்டிக்கு முதலில் 28 பால்பற்கள் முளைக்கும். நாலாம் மாதம் தொடங்கி ஏழாம் மாதத்துக்குள் அவை விழுந்து 42 நிலைப்பற்கள் வந்துவிடும். அந்த நேரத்தில் ஈறு ஊறலெடுக்கும். குழாய், செருப்பு, மண்வெட்டிக் காம்பு என்று எதையும் விடாது. வளர்ந்த நாய்க்கும் கடிப்பதில் பல் சுத்தமாகும், பொழுதும் போகும். கட்டிப்போட்ட நாய்க்கு இது இன்னும் அவசியம்.

எலும்பு: பாதி உண்மை, பாதி ஆபத்து

"நாய்க்கு எலும்பு போடாம வேற என்ன போடுறது?" என்று கேட்பீர்கள். குழம்பில் வெந்த எலும்பைப் போடவே கூடாது. வெந்த எலும்பு ஈரப்பசை போய் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கடித்தால் ஊசி ஊசியாகப் பிளந்து தொண்டையிலோ குடலிலோ குத்தும். கோழி எலும்பில் இது அதிகம். குழம்பில் கிடக்கிற வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பது தனி.

மாட்டுத் தொடை எலும்பு மாதிரி கனமான எலும்பு பல்லை உடைக்கும். நாய் தாடையை மேலும் கீழுமாக வெட்டத்தான் பயன்படுத்துகிறது, நம்மைப்போல் பக்கவாட்டில் அரைப்பதில்லை. அதனால் மேல்வரிசையில் பின்னால் இருக்கும் பெரிய வெட்டுப்பல்தான் முதலில் பிளக்கும். வட்டமாக அறுத்த மூளை எலும்பு வளையம் கீழ்த்தாடையில் மாட்டிக்கொண்டு, அறுத்து எடுக்கவேண்டிய நிலையும் வரும்.

பச்சை எலும்பு கொடுத்தே பழகியவர்கள், நாயின் வாயைவிடப் பெரியதாக, அன்றைக்கு வெட்டியதாகக் கொடுங்கள். கால் மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள். பச்சை எலும்பில் கிருமி இருக்கும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாய் எலும்பு கடிக்கும்போது பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். எவ்வளவு சாதுவான நாயும் அந்த நேரத்தில் கடிக்கும்.

நகச் சோதனை

எந்தப் பொருளானாலும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் கொடுக்கலாம். விழாவிட்டால் அது பல்லுக்குக் கேடு. மாட்டுக் கொம்பு, குளம்பு எல்லாம் இதிலேயே தள்ளுபடி. மான் கொம்பும் அப்படித்தான். அதோடு 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டு மான் கொம்பை வாங்குவதும் விற்பதும் குற்றம்.

கடையில் வெள்ளை வெளேரென்று முடிச்சுப் போட்டு விற்கும் தோல் எலும்பையும் யோசித்து வாங்குங்கள். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தோல் எப்படி முடி நீக்கப்படுகிறது என்று தெரியும். சுண்ணாம்பிலும் சோடியம் சல்பைடிலும் ஊறிய தோல்தான் பெரும்பாலும் இதற்கும் மூலப்பொருள். அதை மேலும் வெளுத்து முறுக்குகிறார்கள். பெரிய துண்டாக விழுங்கினால் வயிற்றில் ஊதி அடைத்துக்கொள்ளும். பழைய தோல் செருப்பு அதைவிட மோசம். அது குரோமியம் உப்பில் பதனிட்டதாக இருக்கலாம்.

நம்ம தோட்டத்திலேயே இருக்கிற ஆபத்து

இயற்கை வேளாண்மை செய்கிற நாம்தான் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

*ஆமணக்குப் புண்ணாக்கு:* ஆமணக்கு விதையில் இருக்கும் ரைசின் என்ற நஞ்சு எண்ணெயோடு போகாது, புண்ணாக்கில் தங்கிவிடும். சரியாகச் சூடேற்றாத புண்ணாக்கு நாயைக் கொல்லும். அதோடு எலும்புத்தூளையோ மீன் கழிவையோ கலந்துவிட்டால் நாய் வாசனை பிடித்துத் தோண்டித் தின்னும். சில மணி நேரத்திலோ அடுத்த நாளோ வாந்தி, ரத்தப் பேதி வரும். நாய் திரியும் இடத்தில் வேப்பம் புண்ணாக்கையே வையுங்கள். எலும்புத்தூள், மீன் அமிலம் எல்லாம் மூடி போட்ட டிரம்மில் இருக்கட்டும். எலும்புத்தூளை நிறையத் தின்றாலும் வயிற்றில் கெட்டியாகி அடைக்கும்.

*அரளிக் குச்சி:* வேலியில் வெட்டிப் போட்ட அரளிக் குச்சியைக் கடித்தால் இதயம் பாதிக்கும். கவாத்து செய்த அன்றே அள்ளிவிடுங்கள்.

*மக்காச்சோளக் கட்டை, மாங்கொட்டை:* இரண்டும் செரிக்காது. குடலில் போய் அடைத்தால் அறுவைச் சிகிச்சைதான்.

*சாக்கு, நைலான் கயிறு:* நூல் குடலுக்குள் நீளமாகச் சிக்கிக் குடலையே அறுத்துவிடும்.

*பச்சை ஈரல், நுரையீரல்:* ஆடு அறுக்கும்போது நீர்க்கட்டி உள்ள ஈரலை "இது ஆகாது" என்று நாய்க்கு வீசுவது ஊர் வழக்கம். அந்தக் கட்டியில் நாடாப்புழுவின் இளம் பருவம் இருக்கிறது. அது நாயின் குடலில் வளர்ந்து, முட்டைகள் சாணத்தோடு வெளியே வரும். புல்லில் பட்டால் ஆட்டுக்கும், கீரையில் பட்டால் நமக்கும் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டி வளரும். நஞ்சில்லாத கீரை என்று சொல்லி விற்கிற நாம் இதில் அலட்சியமாக இருக்கலாமா? கட்டி உள்ளதை ஆழமாகப் புதையுங்கள். நல்ல ஈரலையும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் கொதிக்கவைத்தே போடுங்கள். நாய்க்கு 3 மாதத்துக்கு ஒரு முறை, மருத்துவரிடம் கேட்டு, நாடாப்புழுவுக்கும் சேர்த்துக் குடற்புழு மருந்து கொடுங்கள். கீரைப் பாத்திக்குள் நாயை விடாதீர்கள்.

அப்போ எதைத்தான் கொடுப்பது?

*சர்க்கரைவள்ளி வற்றல்:* விற்காமல் தங்கிய கிழங்கைக் கழுவி, அரை வேக்காடு வேகவைத்து, விரல் கனத்துக்கு நீளவாக்கில் நறுக்கி, துணி மூடி 3, 4 நாள் வெயிலில் காயவையுங்கள். தோல் மாதிரி வளைந்தால் பதம். பூஞ்சை பிடித்ததைக் கொடுக்காதீர்கள்.

*கேரட்:* பானைத் தண்ணீரில் போட்டுக் குளிரவைத்த முழுக் கேரட், பல் முளைக்கும் குட்டியின் ஈறுக்கு இதமாக இருக்கும்.

*மோர்க்கட்டி:* நேபாளத்து மலைக்காரர்கள் வெண்ணெய் எடுத்த மோரில் சுர்ப்பி என்ற கட்டியைச் செய்கிறார்கள். அதையே இன்று பல நாடுகளில் நாய்க்கு வாங்குகிறார்கள். நாமும் செய்யலாம். புளித்த மோரைச் சிறு தீயில் காய்ச்சினால் திரிந்து வரும். வேட்டித் துணியில் வடிகட்டி, கல் ஏற்றி ஓர் இரவு வைத்து, துண்டு போட்டுக் காயவையுங்கள். உப்பு வேண்டாம். கல்லாக இறுகும் முன், நகத்தடம் விழும் பதத்தில் எடுத்துச் சில நாளில் தீர்த்துவிடுங்கள்.

*தேங்காய்ச் சில்லு:* ஓட்டை நீக்கி, எப்போதாவது ஒன்றிரண்டு. கொழுப்பு அதிகம் என்பதால் அளவு முக்கியம். கருவாடு கொடுக்க நினைத்தால் உப்புப் போடாமல் காயவைத்தது மட்டும்.

இவை எல்லாம் சேர்ந்து அன்றைய தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. துண்டு எப்போதும் வாயைவிடப் பெரியதாக இருக்கட்டும். தேய்ந்து சிறியதானதும், வேறொன்றைக் காட்டி அதை வாங்கிவிடுங்கள். பிடுங்கினால் உறுமப் பழகும்.

திரும்பத் திரும்ப வாந்தி, எச்சில் ஒழுகுதல், வயிறு உப்பல், சாணம் போகாமல் முக்குதல், இதில் எது தெரிந்தாலும் உப்புக் கரைசலை வாயில் ஊற்றாதீர்கள். நேராகக் கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். என்ன தின்றது என்று தெரிந்தால் அதில் ஒரு துண்டையும் கையோடு கொண்டுபோங்கள். மருத்துவருக்கு அதுவே பாதி வேலையைக் குறைக்கும்.