ட்ரிப் ஆகுதா? எது விழுந்ததுன்னு முதல்ல பாருங்க!

"நீ ட்ரிபிள்-இ தானே படிக்கிற, வீட்ல அடிக்கடி ட்ரிப் ஆகுது, என்னன்னு பாரு." செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனா வர்ற முதல் வைவா இதுதான். டிபி பாக்ஸ்ல சுவிட்சைத் தூக்கி விட்டா திரும்ப விழுது. எங்கே ஆரம்பிக்கிறது?

விழுந்தது எம்சிபியா, ஆர்சிசிபியா? "டெஸ்ட்" பட்டன் இருந்தா அது ஆர்சிசிபி. ரெண்டும் சொல்ற சேதி வேற வேற.

எம்சிபி விழுந்தா

ஒரு காரணம் ஓவர்லோடு. 2000 வாட்ஸ் கெய்சரை 230 வோல்ட்டால வகுத்தா சுமார் 8.7 ஆம்பியர். ஒரே 16 ஆம்பியர் சர்க்யூட்ல 2000 வாட்ஸ் இண்டக்‌ஷன் அடுப்பும் 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸும் சேர்ந்தா மொத்தம் 21.7 ஆம்பியர். உள்ளே இருக்கிற பைமெட்டல் பட்டை சூடாகி வளைய நேரமாகும்; அதனால கொஞ்ச நேரம் ஓடித்தான் விழும். லோடைக் குறைங்க.

போட்டவுடனே "டப்"புன்னு விழுந்தா பெரும்பாலும் ஷார்ட் சர்க்யூட். திரும்பத் திரும்பத் தூக்கி விடாதீங்க.

"32 ஆம்பியர் எம்சிபி போட்டா விழாதே" என்பார்கள். விழாதுதான். ஆனா எம்சிபி காப்பாத்துறது சுவத்துக்குள்ள ஓடுற ஒயரை. எம்சிபியை மட்டும் பெருசாக்கினா அடுத்து சூடாகிறது அந்த ஒயர்தான்.

ஆர்சிசிபி விழுந்தா

பேஸ்ல போற கரண்ட்டும் நியூட்ரல்ல திரும்புற கரண்ட்டும் சமமா இருக்கணும். வீட்டு ஆர்சிசிபியில வழக்கமான அளவு 30 மில்லி ஆம்பியர்; வித்தியாசம் அந்த அளவுக்குப் போனா விழுந்துடும். குறையுற கரண்ட் எர்த்துக்குப் போயிருக்கும், இல்லன்னா ஒரு ஆளோட உடம்பு வழியா.

கண்டுபிடிக்கிற வரிசை:

1. எல்லா பிளக்கையும் பிடுங்குங்க. சுவிட்சை ஆஃப் பண்றது போதாது. அது பேஸை மட்டும்தான் துண்டிக்கும். நியூட்ரல் எர்த்தைத் தொட்டாலும் ஆர்சிசிபி விழும்.
2. ஆர்சிசிபியை ஆன் பண்ணுங்க. நின்னா, ஒவ்வொரு சாமானா செருகி ஆன் பண்ணுங்க. எதுல விழுதோ அதுதான் குற்றவாளி.
3. நிக்கலன்னா எல்லா எம்சிபியையும் ஆஃப் பண்ணிட்டு, ஒவ்வொண்ணா போடுங்க. எதைப் போட்டா விழுதோ அந்த சர்க்யூட்ல கோளாறு.
4. எல்லாம் ஆஃப்ல இருந்தும் நிக்கலயா? நியூட்ரல் ஒயரிங்லயோ ஆர்சிசிபியிலயோ பிரச்சினை. டிபி மூடியைக் கழட்டாம எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க.

எங்க வீட்டுக் கதை

போன மழைக்காலத்துல எங்க வீட்லயும் ஆர்சிசிபி விழுந்துட்டே இருந்துச்சு. தெரிஞ்சவர் ஒருத்தர், "இதை எடுத்துட்டு நேரா லைன் குடுத்துடலாம், தொல்லை விட்டுச்சு"ன்னார். அம்மாவும் சரின்னுட்டாங்க. ஒரு மணி நேரம் டைம் கேட்டு மேல சொன்ன வரிசையில பார்த்தேன். கெய்சரை ஆன் பண்ணினதும் விழுந்துச்சு. உப்புத் தண்ணியில ஹீட்டர் காயிலோட மேலுறை வெடிச்சிருந்தது. கசிஞ்ச கரண்டை எர்த் ஒயர் தாங்கிட்டு இருந்துச்சு. ஆர்சிசிபியை எடுத்திருந்து, எர்த்தும் ஒரு நாள் விட்டிருந்தா, அந்தக் கரண்டுக்கு அடுத்த வழி குளிக்கப் போற அம்மாதான்.

இந்த வாரம் வீட்டுக்குப் போனா ஒரு வேலை செய்ங்க: டெஸ்ட் பட்டனை அழுத்துங்க. விழுந்தா நிம்மதி. விழலன்னா, அன்னைக்கே மாத்தச் சொல்லுங்க.