உள்ளே பேசும் இரண்டு குரல்கள்



கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் நம்மில் பலருக்குக் கணக்கு முடிவதில்லை. "அவன் வாங்கிப் போட்டான், நீ விட்டுவிட்டாய்", "உனக்கு வியாபாரம் வராது" என்று உள்ளே ஒரு குரல் குற்றம் சாட்டிக்கொண்டே இருக்கும். அதே மனத்தில் இன்னொரு குரலும் உண்டு. பல ஆண்டுகள் சரக்கைக் கையில் அள்ளிப் பார்த்தும், ஆளறிந்து கடன் கொடுத்தும் சேர்த்த அனுபவ அறிவு அது. முன்னதன் இரைச்சலில் பின்னது கேட்பதில்லை.

எப்படிப் பிரித்தறிவது?

குற்றம் சாட்டும் குரல் ஆளைப் பற்றிப் பேசும். அனுபவம் சரக்கைப் பற்றிப் பேசும். முன்னது அடுத்த கடையைக் காட்டும். பின்னது நம் பேரேட்டைக் காட்டும். முன்னதற்கு எப்போதும் அவசரம். பின்னது, "காலையில் பார்ப்போம்" என்று சொல்லும்.

துவரம் பருப்பு தந்த பாடம்

2015 அக்டோபரில் பல நகரங்களில் துவரம் பருப்பு சில்லறை விலை கிலோ 200 ரூபாயைத் தொட்டது. வாங்கி இருப்பு வைக்காதவர்களை உள்ளிருந்த குரல் கோழை என்றது. ஆனால் மண்டியில் பழகிய எவருக்கும் தெரிந்த உண்மை ஒன்று உண்டு: விலை ஏறிய பயிரையே விவசாயி அடுத்த பருவத்தில் அதிகம் விதைப்பார். அப்படியே நடந்தது. 2016-ல் மழையும் கைகொடுக்க, விளைச்சல் பெருகியது. 2017 தொடக்கத்தில் துவரை பல மண்டிகளில் குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் என்ற ஆதரவு விலைக்கும் கீழே போனது. குத்தலுக்குப் பயந்து உச்ச விலையில் வாங்கியவர் நட்டப்பட்டார்; அனுபவத்தைக் கேட்டவர் தேவைக்கு மட்டும் வாங்கித் தப்பினார்.

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

திருக்குறளின் பொருட்பாலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அரசனுக்குச் சொன்னவை கல்லாவில் இருப்பவருக்கும் பொருந்தும். பெரிய கொள்முதலுக்கு முன் இவற்றைத் தாளில் எழுதிப் பாருங்கள்.

1. வலி: போடுவது சொந்தப் பணமா, வட்டிப் பணமா? 50 கிலோ மூட்டை 50 வாங்கினால் 2,500 கிலோ. கிலோவுக்கு 10 ரூபாய் இறங்கினால் 25,000 ரூபாய் போகும். அதைத் தாங்க முடியுமா?

2. காலம்: இந்தச் சரக்கு எத்தனை நாளில் விற்றுத் தீரும்? புது வரத்து எப்போது?

3. இடம்: நம் தெரு வாடிக்கையாளர் இந்த ரகத்தை, இந்த விலைக்கு வாங்குவாரா?

குற்றம் சாட்டும் குரலிடம் இவற்றுக்கு விடை இருக்காது. எண் கேட்டதும் அது அடங்கிவிடும். விடை எழுதியபின் ஓர் இரவு கழித்து முடிவெடுங்கள்.

பற்று எழுதும்போது கை தயங்கினால் அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். பழைய பாக்கி, தள்ளிப்போன தவணை என்று ஏதோ ஒன்றை மனம் கவனித்திருக்கும். ஆனால் அந்தத் தயக்கத்தையே தீர்ப்பாக்கிவிடாமல், பற்று நோட்டைப் புரட்டிச் சரிபாருங்கள். வெறும் சந்தேகத்தால் நல்ல வாடிக்கையாளரை இழக்கக் கூடாது.

நட்டம் வந்தபின்

நட்டக் கணக்கைச் சரக்கின் பெயரில் எழுதுங்கள். உங்கள் பெயரில் எழுதாதீர்கள். இதே நட்டத்தோடு ஒரு சக வியாபாரி வந்து உட்கார்ந்தால் என்ன சொல்வீர்கள்? "போகட்டும் அண்ணாச்சி, எங்கே தவறியது என்று பார்ப்போம்" என்றுதானே? அதே சொல்லை உங்களுக்கும் சொல்லிக்கொள்ளுங்கள். தன்னைத் திட்டிக்கொள்பவர் கணக்கைத் திறக்கவே அஞ்சுவார்; திறக்காத கணக்கில் பாடம் கிடைக்காது.

அந்தக் குரல் பல வாரங்கள் ஓயாமல், உறக்கமும் பசியும் கெட்டால் வீட்டாரிடம் மறைக்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.

தராசு முள் ஆடி நின்ற பிறகுதான் எடையைப் படிக்கிறோம். மனத்துக்கும் அந்த அவகாசத்தைக் கொடுப்போம்.