யாருடைய லாபம்?

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய கேள்வித்தாளைப் படித்தேன். கடன் வாங்கிய பெண்களைச் சந்தித்து, அதன்பின் அவர்கள் தொழிலில் லாபம் கூடியதா என்று கேட்கப் போகிறாய். நல்ல காரியம். கிளம்புமுன் இலங்கையில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றிச் சொல்கிறேன், கேள்.

சுனாமி அடித்த சில மாதங்களில், 2005 ஏப்ரலில், சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் உட்ரஃப் ஆகிய மூவரும் களுத்துறை, காலி, மாத்தறை மாவட்டங்களில் சிறுதொழில்காரர்களிடம் கணக்கெடுப்பைத் தொடங்கினார்கள். சம்பளத்துக்கு ஆள் வைக்காமல் தாமே உழைப்பவர்கள் அவர்கள். மளிகைக் கடை, தையல், மூங்கில் வேலை, ரேந்தைப் பின்னல், சைக்கிள் பழுதுபார்ப்பு. ஆப்பமும் இடியாப்பமும் செய்து கடைகளுக்குக் கொடுப்போரும் உண்டு. குலுக்கல் போட்டுச் சிலருக்கு 10,000 ரூபாய், சிலருக்கு 20,000 ரூபாய் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குப் பணமாக, மீதிப் பேருக்குப் பொருளாக. திருப்பித் தர வேண்டியதில்லை.

குலுக்கல் எதற்கு? கடன் கேட்டு வங்கிப் படியேறுகிறவர் முன்பே துணிந்தவராக இருக்கலாம். பிறகு அவருடைய லாபம் கூடினால், கூட்டியது பணமா, அவர் திறமையா என்று பிரிக்க முடியாது. உன் ஆய்விலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. உன் ஆசிரியரிடம் இதைப் பேசு.

2008இல் முடிவு வெளிவந்தது. போட்ட முதலுக்கு மாதம் சுமார் 5 சதவீதம், ஆண்டுக்கு 55 முதல் 63 சதவீதம் வரை வருமானம். வங்கி வட்டியெல்லாம் இதற்குப் பக்கத்திலேயே வராது. ஆனால் ஆண்களையும் பெண்களையும் பிரித்துப் பார்த்தபோது, பெண்கள் நடத்திய தொழில்களில் சராசரியாக லாபம் கூடவே இல்லை.

இந்த இடத்தில் நின்றுவிட்டால், பெண்களுக்குத் தொழில் திறமை போதாது என்று எவரும் எழுதிவிடலாம். கொள்கை வகுப்பவர்களும் அதை நம்பிவிடலாம். எனக்கு அச்சம் தருவது அதுதான்.

2019இல் ஆரியல் பெர்ன்ஹார்ட், எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே, நடாலியா ரிகோல் ஆகிய நால்வரும் அதே இலங்கைத் தரவை, இந்திய, கானா தரவுகளோடு சேர்த்து மறுபடி ஆராய்ந்தார்கள். பணம் பெற்றவரின் வீட்டில் வேறு யாரும் தொழில் செய்கிறார்களா என்று பார்த்தார்கள். விஷயம் அங்கேதான் இருந்தது. பெண்ணுக்கு வந்த பணம் கணவரின் தொழிலுக்குள் போயிருந்தது. வீட்டில் அவள் ஒருத்தி மட்டுமே தொழில் செய்தால், அவள் லாபமும் நன்றாகவே கூடியது. குடும்ப வருமானத்தைக் கணக்கிட்டாலோ, பணம் ஆண் கைக்குப் போனாலும் பெண் கைக்குப் போனாலும் பலன் ஒன்றாகவே இருந்தது.

தரவு மாறவில்லை. முன்பு கடையை அளந்தார்கள், இப்போது வீட்டை அளந்தார்கள். வளரும் நாடுகளில் தொழிலுக்கும் குடும்பத்துக்கும் பெரும்பாலும் ஒரே பணப்பைதான். பெருநிறுவனங்களை வைத்து உருவான மேலாண்மைப் பாடங்கள் இவ்விரண்டையும் தனித்தனியாகவே வைத்துப் பேசுகின்றன. உன் கேள்வித்தாளிலும் அதே பிரிவினையைப் பார்க்கிறேன்.

ஆகவே, வீட்டில் யார் யார் என்னென்ன தொழில் செய்கிறார்கள் என்பதை முதல் பக்கத்திலேயே கேள். கடன் பணம் எதற்குச் செலவானது என்று கேட்பதோடு, அப்படிச் செலவிட முடிவெடுத்தது யார் என்றும் கேள். இடியாப்பம் விற்கும் பெண், கணவரின் பட்டறையில் வருமானம் அதிகம் என்று தானே கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கலாம். கொடுக்காமல் இருக்க வழியில்லாமலும் கொடுத்திருக்கலாம். இரண்டுக்கும் லாபக் கணக்கில் ஒரே எண்தான் வரும். கணவர் பக்கத்தில் இருக்கும்போது இதைக் கேட்காதே.

இன்னொன்று. விற்பனை, செலவு என்று நீ வைத்திருக்கும் நீண்ட பட்டியலைக் குறைத்துவிடு. போன மாதம் வாங்கிய சரக்கு இந்த மாதம்தான் விற்கும், கழித்துப் பார்த்தால் குழப்பமே மிஞ்சும். டி மெல் குழுவினர் இதையும் சோதித்திருக்கிறார்கள்: செலவெல்லாம் போகக் கையில் எவ்வளவு நின்றது என்று நேராகக் கேட்பதே உண்மைக்கு நெருங்கி வருகிறது. அந்தக் கட்டுரை 2009இல் வந்தது. உன் நூலகத்தில் கேட்டு வாங்கு. திருத்திய தாளை எனக்கு அனுப்பிவிட்டுப் புறப்படு.

அன்புடன்,
பெரியம்மா