பி.ஏ. அரசியல் அறிவியல்: செலவு எவ்வளவு, வரவு எங்கே?



பிளஸ் டூ முடிவு வந்ததும் கல்வி உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வருகிறவர்களிடம், பி.ஏ. அரசியல் அறிவியல் என்ற பேச்சு எழுந்தால் இரண்டு விதமான பதில் வருகிறது. "இதைப் படித்து என்ன வேலைக்குப் போவது?" என்பது ஒன்று. "இதைப் படித்தால் கலெக்டர் ஆகலாமாமே" என்பது மற்றொன்று. இரண்டுமே அரைக் கணக்கு. முழுக் கணக்கை இந்த இதழில் பார்ப்போம்.

செலவு எங்கே இருக்கிறது?

அரசுக் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தால் இந்தப் படிப்புக்குக் கட்டணம் மிகக் குறைவு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருந்தால், பெண் பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும் ஆண் பிள்ளைக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும்.

பெரிய செலவு ரசீதில் வராது. கடையில் மாதம் 12,000 ரூபாய் சம்பாதிக்கக்கூடிய பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுப் படிப்பில் வராமல் போகும் தொகை 4,32,000 ரூபாய். பட்டம் வாங்கியபின் வேலைக்குப் போகாமல் நான்கு ஆண்டு போட்டித் தேர்வுக்குப் படித்தால் மேலும் 5,76,000 ரூபாய். பயிற்சி மையக் கட்டணமும் விடுதிச் செலவும் தனி. ஆக, படிக்கும் காலத்தைவிடக் காத்திருக்கும் காலத்துக்கே நாம் அதிக விலை கொடுக்கிறோம். பெற்றோர் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவது தொகையைத்தான்.

வரவு எந்த வழியில் வரும்?

முதல் வழி அரசுத் தேர்வு. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் இளநிலை உதவியாளர் பதவிக்குப் பத்தாம் வகுப்பே போதும். குரூப் 1 தேர்வுக்கும் மத்திய அரசின் சிவில் சர்வீஸ் தேர்வுக்கும் எந்தப் பட்டமும் செல்லும். எனவே அரசியல் அறிவியல் படித்தவருக்கென்று தனிக் கதவு கிடையாது. பாடத்தில்தான் அனுகூலம். அரசியலமைப்பு, ஆட்சி முறை ஆகியவை எல்லாத் தேர்விலும் உண்டு. சிவில் சர்வீஸ் முதன்மைத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் 500 விருப்பப் பாடத்துக்கு உரியது. அதற்கு அரசியல் அறிவியலை எடுத்துக்கொள்ளலாம்.

தொடக்க அடிப்படைச் சம்பளம் இளநிலை உதவியாளருக்கு 19,500 ரூபாய். துணை ஆட்சியருக்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கும் 56,100 ரூபாய். அகவிலைப்படி முதலியவை தனி. மாநில அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. ஆனாலும் இடங்கள் சில, எழுதுகிறவர்கள் லட்சக்கணக்கில்.

இரண்டாவது வழி சட்டம். பட்டத்துக்குப் பின் மூன்று ஆண்டு எல்.எல்.பி. படித்தால் மொத்தம் ஆறு ஆண்டு. பிளஸ் டூ முடித்தவுடனே வக்கீல்தான் என்று தீர்மானித்துவிட்ட பிள்ளை ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேர்ந்தால் ஓராண்டு மிச்சம். தொழிலில் முதல் சில ஆண்டுகள் வருமானம் சொற்பம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது வழி ஆசிரியர் பணி. மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியராக எம்.ஏ.வும் பி.எட்.டும் வேண்டும். மூன்றும் இரண்டும் இரண்டுமாக ஏழு ஆண்டு. கல்லூரிப் பணிக்கு எம்.ஏ.வுடன் நெட் அல்லது செட் தேர்ச்சி பெற வேண்டும். நெட் தேர்வில் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதி பெற்று முனைவர் பட்டத்துக்குச் சேருகிறவருக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும்.

தனியார் வேலையிலும் வெளிநாட்டு வேலையிலும் இந்தப் பட்டத்துக்கென்று தனிச் சம்பளம் இல்லை. அங்கே ஆங்கிலமும் கணினியும் கணக்குமே சம்பளத்தைத் தீர்மானிக்கின்றன.

நஷ்டமில்லாமல் படிக்க

1. நகையை அடகு வைத்தோ வட்டிக்குக் கடன் வாங்கியோ படிக்க வேண்டிய படிப்பு இது அல்ல. அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் தொலைநிலைக் கல்வியாகப் படிக்கலாம். வேலை பார்க்கும் பிள்ளைக்கு அதுவே லாபம்.

2. 18 வயது நிறைந்ததும், கல்லூரியில் இருக்கும்போதே குரூப் 4 எழுதத் தொடங்கலாம். மாலையில் தட்டச்சு வகுப்புக்கும் அனுப்புங்கள். அரசுத் தட்டச்சுத் தேர்வில் தேறியவருக்குத் தட்டச்சர் பதவியும் திறக்கும்.

3. பட்டத்துக்குப் பின் எத்தனை ஆண்டு தயாரிப்பு என்பதைச் சேரும்போதே பேசி முடிவு செய்யுங்கள். இரண்டு ஆண்டு என்றால் இரண்டு ஆண்டுதான். நம் பிரிவினருக்கு டி.என்.பி.எஸ்.சி.யின் பல பதவிகளில் உச்ச வயது வரம்பு இல்லை. அது சலுகைதான், ஆனால் "அடுத்த தடவை" என்று முப்பது வயது தாண்டும் ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. கெடு முடிந்தால் வேலைக்குப் போய்க்கொண்டே எழுதட்டும்.

4. பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் இலவச வழிகளைத் தேடுங்கள். சென்னையில் தமிழக அரசின் அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம் இருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தில், மதிப்பீட்டுத் தேர்வில் தேறும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் பத்து மாதம் ஊக்கத்தொகை உண்டு. டெல்லி ஜாமியா மில்லியாவின் உறைவிடப் பயிற்சி மையம் சிறுபான்மையினரையும் பெண்களையும் நுழைவுத் தேர்வு மூலம் சேர்த்துக்கொள்கிறது.

யாருக்குப் பொருந்தும்?

தினமும் பத்திரிகை வாசிக்கிற, எழுதச் சலிக்காத பிள்ளைக்கு இது பொருந்தும். வேறு எதிலும் இடம் கிடைக்கவில்லை என்று சேர்க்கப்படும் பிள்ளைக்குப் பொருந்தாது. நன்றாகப் படித்தவர், வேலை கிடைக்குமுன்பே வீட்டுக்கும் மஹல்லாவுக்கும் உதவுவார். பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு எழுதவும், எந்த மனு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லவும் நம்மிடையே ஆட்கள் குறைவு. ஆனால் அந்தப் பலனை மட்டும் நம்பி ஏழைக் குடும்பம் பல ஆண்டுச் சம்பாத்தியத்தை இழக்க முடியாது. ஆகவே கணக்குப் போட்டுவிட்டுச் சேருங்கள்.

விண்ணப்பிக்குமுன் மதிப்பெண் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்தே நம் அலுவலகத்துக்கு வாருங்கள். உங்கள் வீட்டு வருமானத்தை வைத்து இதே கணக்கை உட்கார்ந்து போட்டுப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.