புதியவருக்குச் செயலி கைவருகிறதா? சோதனை முறையைத் தேர்ந்தெடுத்தல்

செயலியை முதன்முறை திறப்பவர் வந்த வேலையைப் பிறர் உதவியின்றி முடிக்கிறாரா என்று சோதிக்க நான்கு வழிகள் புழக்கத்தில் உள்ளன: வல்லுநர் ஆய்வு, பயன்பாட்டுப் பதிவுகளை அலசுதல், கருத்துப்படிவம், அருகில் அமர்ந்து பார்த்தல். தேனி வட்டாரத்தில் இதற்குக் கைக்கெட்டும் பொருள் உழவன் செயலி. 2018 ஏப்ரலில் தமிழக அரசு வெளியிட்ட இதில் மானியம், சந்தை விலை, வாடகை இயந்திரம் எனப் பல பணிகள் உண்டு. சின்னமனூர் வாழை விவசாயியும் கம்பத்தில் பன்னீர்த் திராட்சைப் பந்தல் போட்டவரும் ஒரே வேலைக்காக அதைத் திறப்பதில்லை.

திரை வடிவமைப்புக்கு ஜேக்கப் நீல்சன் வகுத்த 10 விதிகளைக் கையில் வைத்துக்கொண்டு திரை திரையாகப் பார்ப்பது வல்லுநர் ஆய்வு. செலவு குறைவு, வெளிப்படையான பிழைகள் அகப்படும். பயன்பாட்டுப் பதிவு, ஆள் எந்தத் திரையில் விலகினார் என்று காட்டும்; ஏன் விலகினார் என்று சொல்லாது.

கல்லூரித் திட்டங்களில் பெரும்பாலோர் எடுப்பது கருத்துப்படிவம். முந்தைய ஆண்டு மாணவர்கள் செய்தார்கள், அறிக்கையில் வண்ண வரைபடம் வரும், வீட்டிலும் வெயிலில் அலையாமல் முடி என்பார்கள். படிவம் வாட்ஸ்அப்பில் சுற்றும். நிரப்புபவர்கள் வகுப்புத் தோழர்களும் சித்தி மகன்களும். திராட்சைக் கொடியைக் கவாத்து செய்தவர் ஒருவரும் அதில் இருக்கமாட்டார்.

நேரில் கொடுத்தாலும் சிக்கல் தீராது. 1986இல் ஜான் புரூக் உருவாக்கிய எஸ்.யூ.எஸ். (System Usability Scale) என்னும் கருத்துப்படிவத்தில் 10 கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பு. ஒற்றைப்படைக் கூற்றுகள் பாராட்டுபவை, இரட்டைப்படைக் கூற்றுகள் குறை சொல்பவை. முன்னதில் மதிப்பிலிருந்து 1 கழிக்க வேண்டும், பின்னதில் 5இலிருந்து மதிப்பைக் கழிக்க வேண்டும், கூட்டுத்தொகையை 2.5ஆல் பெருக்க வேண்டும். “நல்லாத்தான் இருக்கு தம்பி” என்று பெரியவர் பத்துக்கும் 5 போட்டுக் கொடுத்தால் கிடைப்பது 50. பொதுச் சராசரியாகக் கொள்ளப்படும் 68ஐவிட அது குறைவு. மனமாரப் பாராட்டியவர் கணக்கில் குறை சொன்னவராகிவிடுகிறார். உண்மையாகவே 50 வந்தாலும் எந்தப் பொத்தானைத் திருத்துவது என்று அந்த எண் சொல்லாது.

அருகில் அமர்ந்து பார்ப்பதே மேலான வழி. ஒரே வகைப் பயனர் ஐந்து பேர் போதும். வாழைக்கும் திராட்சைக்கும் தனித்தனியாக ஐவர். “இன்றைய விலையைப் பாருங்கள் ஐயா, மனத்தில் தோன்றுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்” என்று வேலையைக் கொடுத்துவிட்டு விலகியிருக்க வேண்டும். ஓ.டி.பி. குறுஞ்செய்தியைப் பார்க்கப் போனவருக்குத் திரும்பிவர வழி தெரியாமல் போகலாம். விரல் திரைமேல் அப்படியே நிற்கும். அடுத்து போன் மகன் கைக்குப் போகும். குறிப்பேட்டில் ஏற வேண்டியது அந்த இடம்தான். அங்கே மாணவர் கைநீட்டி “இதை அழுத்துங்க” என்றால் அந்தச் சோதனை வீண். அதே ஆளை மறுநாளும் புதியவராகக் கொள்ள முடியாது.

நிரல் எழுதுவதில் கெட்டிக்காரர் பெரும்பாலும் இதற்குச் சரிப்படுவதில்லை. கை சும்மா இருக்காது. குழுவில் அதிகம் பேசாத, காத்திருக்கத் தெரிந்த மாணவரை அனுப்பலாம். அறுவடைப் பெட்டி ஏற்றும் நேரத்தைத் தவிர்க்க வேண்டும். படிவம் கட்டாயம் என்றால், வேலை முடிந்தபின் அதே ஐவரிடம் கொடுக்கலாம். ஐந்து பேரின் சராசரியை வரைபடமாக்க வேண்டாம்.